வெள்ளை மலையும் கறுப்புக் கல்லும்

ஈப்போவைச் சுற்றியிருக்கும் சுண்ணாம்பு மலைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் இரண்டைத்தான் சொல்வார்கள். ஒன்று குகைக் கோயில், மற்றொன்று கல்லுடைப்பு. சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டி வளர்ந்த எங்களுக்கு இரண்டுமே நெருங்கிய பழக்கம். தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போகாத குடும்பம் எங்கள் லயத்தில் இருந்ததில்லை. கல் ஏற்றும் லோரியில் வேலை பார்த்தவர் ஒருவராவது இல்லாத வீட்டு வரிசையும் இருந்ததில்லை. ஆனால் அந்த மலைகள் கடலடியில் பிறந்தவை என்று சொன்னால் "அப்படியா" என்பதோடு பேச்சு நின்றுவிடும். எந்தக் கடல், என்ன ஆழம், கரையிலிருந்து எவ்வளவு தள்ளி, பிறந்த பிறகு அந்தக் கல் என்னவெல்லாம் பட்டது என்று யாரும் தொடர்ந்து கேட்பதில்லை.

கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஒரு கூடத்தில் எனக்கு வேலை. சாலைக்கும் கான்கிரீட்டுக்கும் வரும் கல்லை அறுப்பது, தேய்ப்பது, அமிலம் விட்டுப் பார்ப்பது, பூதக்கண்ணாடியில் பார்ப்பது என்று நாள் போகும். பல மலைகளின் கல் என் மேசைக்கு வருகிறது. வரும் கல்லில் பெரும்பகுதி வெள்ளை. பளபளப்பானது, சர்க்கரைப் படிகம் போல மின்னுவது, வாங்குபவர்கள் விரும்புவது. எப்போதாவது கருஞ்சாம்பல் நிறத்தில், மெல்லிய பட்டைகளோடு, உடைத்தால் ஒரு கெட்ட வாடை வீசும் கல் வரும். அதை "அழுக்குக் கல்" என்று ஒதுக்கி வைப்பார்கள். கடலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த அழுக்குக் கல்லைத்தான் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வெள்ளைக் கல் ஏறக்குறைய எல்லாவற்றையும் மறந்துவிட்டது. ஏன் மறந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கடல். பேராக் மாநிலத்தில் ஈப்போவை உள்ளடக்கிய கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் ஒரே காலத்தில் உண்டானது அல்ல. சைலூரியன் காலம் தொடங்கி டெவோனியன், கார்பனிஃபெரஸ் வழியாகப் பெர்மியன் வரை, அதாவது 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பிருந்து ஏறத்தாழ 26 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை, அடுக்கடுக்காகப் படிந்தது. அன்று மலேசியத் தீபகற்பத்தின் மேற்குப் பாதி இன்றைய இடத்தில் இல்லை. சயாம், பர்மா, மலாயா, சுமத்ரா ஆகிய நான்கு பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் புவியியலாளர்கள் 'சிபுமாசு' என்றழைக்கும் நிலத்துண்டின் பகுதியாக அது இருந்தது. அந்தத் துண்டு, கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. நம் முன்னோர்கள் கப்பலேறி வந்த தமிழ்நாட்டு நிலமும் அதே கோண்டுவானாவின் பகுதிதான். பெர்மியன் காலத் தொடக்கத்தில் சிபுமாசு பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்தது. வழியில் இருந்த தொன்மை டெத்திஸ் கடல் சுருங்கிக்கொண்டே போய், டிரையாசிக் காலத்தில் மூடிக்கொண்டது. அந்தக் கடல் மூடிய தழும்புதான் பெந்தோங்–ராவுப் கோடு. பகாங் பக்கம் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

இந்த நீண்ட காலத்தில் கண்டத்தை ஒட்டிய கடலடித் திட்டில்தான் நம் சுண்ணாம்பு படிந்தது. கண்டத்திட்டு என்றால் கரையிலிருந்து மெதுவாகச் சாய்ந்து போகும் ஆழமில்லாத கடலடி. அதன் விளிம்பில் திடீரென்று சரிவு வரும், சரிவுக்குக் கீழே ஆழ்கடல். இந்தக் குறுக்குவெட்டை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் சுண்ணாம்புக்கல்லைப் படிக்க முடியாது. ஏனென்றால், ஒரே நாளில், ஒரே கடலில், திட்டின் ஐந்து இடங்களில் ஐந்து வகைக் கல் பிறக்கிறது.

மணற்கல்லுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் பிறப்பிலேயே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மணல் வெளியூர்ச் சரக்கு. எங்கோ ஒரு மலை தேய்ந்து, ஆறு சுமந்து வந்து கொட்டியது. சுண்ணாம்பு உள்ளூர்ச் சரக்கு. கடலில் வாழும் உயிர்களே அதை அங்கேயே தயாரிக்கின்றன. நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து ஓடு கட்டுகின்றன, கிளை கட்டுகின்றன, இறந்தபின் உதிர்கின்றன. அந்த உற்பத்திக்கு வெளிச்சம் வேண்டும். பச்சைப்பாசிகளும், பாசிகளை உடம்பில் குடிவைத்திருக்கும் விலங்குகளும் வெளிச்சமில்லாமல் வளர மாட்டா. ஆகவே நீரின் மேற்பரப்பிலிருந்து சில பத்து மீட்டர் ஆழத்துக்குள்தான் உற்பத்தி மும்முரமாக நடக்கும். நீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், தெளிவாகவும் இருக்க வேண்டும். பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் கொட்டும் கலங்கல் நீரைப் பார்த்தவர்களுக்கு, இன்று அங்கே ஏன் சுண்ணாம்புத் திட்டு வளரவில்லை என்பதை விளக்க வேண்டியதில்லை. இன்றைக்கு உயிரோடு இருக்கும் சுண்ணாம்புத் திட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் பஹாமாஸ் தீவுகளையோ பாரசீக வளைகுடாவின் தென்கரையையோ பார்க்கலாம். பழைய கல்லைப் படிப்பதற்கான அகராதி அங்கேதான் எழுதப்பட்டது.

கரையிலிருந்து தொடங்குவோம். ஓதம் ஏறி இறங்கும் தட்டைப் பரப்பில் சேறு படிகிறது, காய்கிறது, வெடிக்கிறது. அதன்மேல் பாசிப் படலம் படர்ந்து, சேற்றுத் துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு மீண்டும் மேலே வளர்கிறது. அப்படி உண்டாகும் மெல்லிய அலை அலையான அடுக்குகளுக்கு ஸ்ட்ரோமட்டோலைட் என்று பெயர். படலம் அழுகும்போது வெளியேறும் வாயு சிறு சிறு பொந்துகளை விட்டுச் செல்லும். கல்லாகிய பிறகு அந்தப் பொந்துகளில் சுண்ணாம்பின் படிகமான வெள்ளைக் கால்சைட் நிரம்பி நிற்கும். இவை தென்பட்டால் இந்த இடம் அடிக்கடி வெயிலைப் பார்த்தது என்று துணிந்து சொல்லலாம்.

அடுத்து உள்கடல், அலை அடங்கிய பகுதி. இங்கே நுண்ணிய சுண்ணாம்புச் சேறும், சேற்றைத் தின்னும் புழுக்களின் எச்ச உருண்டைகளும், நுண்ணுயிர்களின் ஓடுகளும் கலந்து படியும். இன்னும் வெளியே போனால் திட்டின் விளிம்பு. அலை ஓயாமல் அடிக்கும் இடம். சேறு அங்கே தங்காது, அடித்துக்கொண்டு போய்விடும். ஓட்டுத் துணுக்கு போன்ற சுத்தமான மணிகள் மட்டுமே மிஞ்சும். அல்லது அலையைத் தாங்கக்கூடிய உயிர்கள் ஒன்றோடொன்று பிணைந்து பவளப்பாறை போன்ற மேடு கட்டும். டெவோனியன் காலத்தில் அந்த வேலையைச் செய்தவை பெரும்பாலும் ஸ்ட்ரோமட்டோபொராய்டு என்னும் கடற்பஞ்சு இனங்களும் அன்றைய பவளங்களும். ஏறத்தாழ 37 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்த பேரழிவில் அந்தக் கூட்டணி சிதைந்தது. அதற்குப் பின் வந்த கார்பனிஃபெரஸ் கடலில் கடல் அல்லிகள் என்ற விலங்குகளும் சிப்பி போன்ற பிராக்கியோபாடுகளும் பாசிகளும் பெருகின. பெர்மியனில் ஃபியூசுலினிட் என்ற ஒற்றைச் செல் உயிர்கள் கோடிக்கணக்கில் பெருகின. ஆகவே விளிம்புக் கல் எல்லாக் காலத்திலும் ஒன்றுபோல இருப்பதில்லை. வேலை ஒன்றே, வேலைக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

1962இல் ராபர்ட் டன்ஹம் என்ற அமெரிக்கப் புவியியலாளர் சுண்ணாம்புக்கல்லை வகைப்படுத்த ஒரு முறை சொன்னார். அந்த முறையின் அடிநாதம் ஒரே கேள்விதான். மணிகள் ஒன்றையொன்று தொட்டுத் தாங்கி நிற்கின்றனவா, அல்லது சேற்றில் தனித்தனியாக மிதக்கின்றனவா? தொட்டு நின்று நடுவில் சேறும் இல்லையென்றால் அலை அடித்த இடம். சேற்றில் மிதந்தால் அமைதியான இடம். ஒரு கல்துண்டை ஈரப்படுத்திப் பூதக்கண்ணாடியில் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். எத்தனையோ சிக்கலான கருவிகள் இருக்கும் துறையில், இவ்வளவு எளிய கேள்வி அறுபது ஆண்டுகளாக நிலைத்து நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

விளிம்பைத் தாண்டினால் சரிவு. எங்கள் ஊர்க் கல் இந்த இடத்தைச் சேர்ந்தது. இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

ஸ்ரீ இஸ்கண்டாரில் இருக்கும் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சுண்ணாம்புக்கல் ஆய்வாளர்கள் சுங்கை சிப்புட்டிலும் மாலிம் நாவாரிலும் துளையிட்டுக் கல்தூண்களை எடுத்தார்கள். பள்ளத்தாக்கின் வடக்கிலிருந்து தெற்காக ஒரு கோடு வரைந்து அதன்மேல் துளையிட்டார்கள். சுங்கை சிப்புட் தூண்களில் வந்தது சாம்பல் நிறம் முதல் கறுப்பு வரையிலான நுண்ணிய சுண்ணாம்புச் சேற்றுக்கல். இடையிடையே கறுப்புக் களிக்கல், வண்டல்கல் பட்டைகள். கூடவே சரிந்து குழைந்த அடுக்குகள். ஆழ்ந்த, அமைதியான, உயிர்வளி குறைந்த நீரில், சரிவில் படிந்த கல்லின் அடையாளங்கள் இவை. திட்டின்மேல் தயாரான சுண்ணாம்புச் சேறு புயலிலும் ஓதத்திலும் அடித்து வரப்பட்டு இங்கே மெதுவாக இறங்கியிருக்கிறது. உயிர்வளி இல்லாததால் அதோடு வந்த உயிர்ப்பொருள் மட்கிப் போகவில்லை. கறுப்பு நிறத்துக்கும், உடைத்தால் வரும் அந்த வாடைக்கும் அதுதான் காரணம். ஒதுக்கி வைக்கப்படும் கல்லின் 'அழுக்கு' என்பது, முப்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கெடாமல் இருக்கும் கடல் உயிர்களின் மிச்சம்.

சரிந்து குழைந்த அடுக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மேசையில் அப்படி ஒரு துண்டு இருக்கிறது, அறுத்துத் தேய்த்தது, உள்ளங்கை அகலம். கீழே நேர்க்கோடாக ஐந்தாறு மெல்லிய பட்டைகள். மேலேயும் நேர்க்கோடான பட்டைகள். நடுவில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மட்டும் பட்டைகள் மடங்கி, சுருண்டு, ஓரிடத்தில் அறுந்து கிடக்கின்றன. மலை எழும்பியபோது கல் மடங்கியிருந்தால் மேலும் கீழும் சேர்ந்தே மடங்கியிருக்கும். நடுவில் மட்டும் மடங்கியிருப்பதால், அது இன்னும் சேறாக இருந்தபோதே சரிவில் வழுக்கி இறங்கியது, பிறகு அதன்மேல் புதிய சேறு சமமாகப் படிந்தது என்று தெரிகிறது. ஒருவேளை நிலநடுக்கம் உலுக்கியிருக்கலாம், ஒருவேளை சேற்றின் பாரமே தள்ளியிருக்கலாம். சில நிமிடங்களில் நடந்து முடிந்த ஒரு சரிவு, இவ்வளவு தெளிவாக, இவ்வளவு காலம் கழித்து, கையில் வைத்துப் பார்க்கும்படி இருக்கிறது.

அந்தக் கறுப்புக் கல்லின் வயதைக் கண்டுபிடித்த விதமும் அருமையானது. கண்ணுக்குத் தெரியும் ஓடுகள் அதில் அரிது. ஆனால் கோனோடான்ட் என்ற, விலாங்கு போன்ற உடலுடைய கடல் விலங்கின் பற்கள் உண்டு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவு, அதற்கும் குறைவாகவும் இருக்கும். அவை கால்சியம் கார்பனேட்டால் ஆனவை அல்ல, பாஸ்பேட்டால் ஆனவை. ஆகவே கல்லை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஊறவைத்தால் கல் கரைந்துவிடும், பற்கள் மிஞ்சும். பல்லின் வடிவம் காலத்துக்குக் காலம் விரைவாக மாறியதால், வடிவத்தைப் பார்த்து வயது சொல்லலாம். நம் பள்ளத்தாக்கின் தூண்களில் கிடைத்த பற்கள் டெவோனியன் பிற்பகுதி முதல் கார்பனிஃபெரஸ் பிற்பகுதி வரையிலான காலத்தைக் காட்டின. இடைவெளி இல்லாமல் படிவு தொடர்ந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு அதுவே அடிப்படை.

பற்கள் இன்னொன்றையும் சொல்லும். சூடுபட்டால் அவற்றின் நிறம் மாறும். வெளிர் மஞ்சளில் தொடங்கி, பழுப்பாகி, கறுப்பாகி, மிகுந்த சூட்டில் சாம்பலாகி வெளுத்துவிடும். ஒருமுறை மாறினால் திரும்பாது. அனிதா எப்ஸ்டீனும் உடன் பணியாற்றியவர்களும் 1977இல் இந்த நிறமாற்றத்தை வெப்பநிலையோடு பொருத்தி ஓர் அளவுகோலாக வெளியிட்டார்கள். ஒரு பல்லைப் பார்த்தே அந்தக் கல் எந்தக் காலத்தது, எவ்வளவு சூடுபட்டது என்ற இரண்டையும் சொல்லிவிட முடிகிறது.

திட்டின் மேற்பகுதியைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே, கம்பார் பக்கம் போக வேண்டும். அங்கே கடலைத் திறந்து காட்டியது ஈய லம்பம், அதாவது வெள்ளீயம் எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கம். கிந்தாவில் ஈயம் சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்த வண்டலில் இருந்தது. மண்ணை நீர்ப்பீரங்கியால் கரைத்து எடுத்தபோது அடியிலிருந்த கல் வெளியே வந்தது. சுந்தரலிங்கம் என்ற புவியியலாளர் கம்பாருக்கு மேற்கிலுள்ள லம்பக் குழிகளில் இறங்கி, அடுக்குகளை அளந்து, தொல்லுயிர் எச்சங்களைச் சேகரித்து, 1968இல் அந்தப் பகுதியின் அடுக்கு வரிசையை வெளியிட்டார். எச். எஸ். லீ அடுக்குகள், நாம் லோங் அடுக்குகள் என்று லம்பங்களின் பெயர்களே அடுக்குகளின் பெயர்களாயின. டெவோனியனிலிருந்து பெர்மியன் வரை ஒரு திட்டின் வரலாறு அந்தக் குழிகளில் கிடைத்தது. நம் பெயர் கொண்ட ஒருவர் நம் மாநிலத்தில் செய்த இந்த அடிப்படை வேலையைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

எச். எஸ். லீ அடுக்குகள் பெர்மியன் காலத்தவை, ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலைச் சேர்ந்தவை. அங்கே கிடைத்த நத்தைகள் மட்டுமே தனிப் புத்தகங்களாகும் அளவுக்கு ஆராயப்பட்டிருக்கின்றன. அவற்றைவிட வியப்பானது ஒரு இருவால்வுச் சிப்பி. ரன்னகாரும் கோபெட்டும் 1975இல் அதை விவரித்து, பேராக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். இரு பக்கமும் இறக்கை விரித்தது போன்ற தட்டையான ஓடு. இந்தக் குடும்பத்துச் சிப்பிகள் ஒரு மீட்டர் நீளம்வரை வளர்ந்தவை. சேற்றில் புதையாமல் படுத்திருக்கவும், உடம்பில் குடியிருந்த பாசிகளுக்கு வெயில் காட்டவும் அந்த இறக்கை உதவியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். பேராக்கில் தொடங்கி ஜப்பான்வரை பெர்மியன் காலக் கடல்மலைகளிலும் திட்டுகளிலும் இவற்றின் உறவினர்கள் கிடைத்திருக்கிறார்கள்.

ஆக, வடக்கே சரிவு, தெற்கே திட்டு என்று சொல்லி முடித்துவிடலாமா? அவ்வளவு எளிதல்ல, காலமும் ஒன்றல்ல. கடல் மட்டம் ஏறினால் கரை உள்ளே போகும், எல்லா மண்டலங்களும் அதோடு சேர்ந்து நகரும். ஆகவே ஒரே இடத்தில் மேலிருந்து கீழாகத் துளையிட்டால், பக்கத்தில் பக்கத்தில் இருந்த மண்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைக்கும். யோஹன்னஸ் வால்தர் 1894இல் சொன்ன இந்த விதி இல்லையென்றால் துளைத்தூணுக்கு அர்த்தமே இல்லை. செங்குத்தாக எடுத்த ஒரு தூணில் கிடைமட்டமாகப் பல கிலோமீட்டர் நடந்துவிட முடிவது அந்த விதியால்தான்.

இதுவரை சொன்னது பிறப்பு. கல்லின் வாழ்க்கையில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் நடக்கிறது.

ஓடுகளில் பலவும் அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனவை. அதே கால்சியம் கார்பனேட்தான், ஆனால் அடுக்கப்பட்ட விதம் வேறு, நிலைத்து நிற்காதது. கடல் மட்டம் இறங்கித் திட்டு வெளியே தெரிந்தால் மழைநீர் உள்ளே இறங்கி அரகோனைட்டைக் கரைக்கும். கரைந்தது பக்கத்தில் கால்சைட்டாகப் படிந்து மணிகளை ஒட்டும். ஓடு இருந்த இடம் வெற்றுப் பள்ளமாகி, பிறகு அதிலும் படிகம் வளரும். பல நத்தைகள் நமக்குத் தம் சொந்த ஓட்டோடு கிடைப்பதில்லை, ஓட்டின் அச்சில் வார்த்த கால்சைட்டாகவே கிடைக்கின்றன.

மேலே இன்னும் இன்னும் படிந்து, கல் ஆழத்தில் புதைந்தால் அழுத்தம் கூடும். அழுத்தம் மிகுந்த இடத்தில் கால்சைட் கரைந்து வெளியேறும். கரையாத களிமண்ணும் கரிப்பொருளும் ஒரு ரம்பப் பல் கோடாகத் தங்கிவிடும். அதன் பெயர் ஸ்டைலோலைட். இதைப் பார்க்க மலைக்குப் போக வேண்டியதில்லை. பளிங்குத் தரை போட்ட பழைய வங்கியிலோ ஹோட்டலிலோ வரிசையில் நிற்கும்போது குனிந்து பாருங்கள். வெளிர்க் கல்லில் கறுத்த, ஏறி இறங்கும் நெளிகோடு தெரியும். பலர் அதை விரிசல் என்று நினைக்கிறார்கள். விரிசல் அல்ல, காணாமல்போன கல்லின் கணக்கு அது. அந்தப் பற்களின் உயரம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தடிமன் கல்லாவது அங்கே கரைந்து போயிருக்கிறது.

பிறகு டோலமைட். இதைத் தோட்டத்து மக்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. செம்பனைத் தோட்டத்தில் உரம் போடப் போன பெண்கள் அந்த வெளிர்த் தூளை முகத்திலும் கையிலும் பூசிக்கொண்டு திரும்பியதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நம் மண் புளிப்பேறிய மண். மக்னீசியம் குறைந்தால் செம்பனையின் கீழ் மட்டைகள் ஆரஞ்சு நிறமாகும். அதிலும் வெயில் படும் இலைதான் நிறம் மாறும், மேலே இருக்கும் இலையின் நிழல் விழுந்த பகுதி பச்சையாகவே நிற்கும். மண்டோர் வேலை பார்த்த என் சித்தப்பா இதை ஒரு மட்டையைத் தூக்கிக் காட்டி விளக்கினார்.

"தம்பி, இந்த மரத்துக்குத்தான் அந்த மாவு. சும்மா சுண்ணாம்பைப் போட்டால் புளிப்பு போகும், இந்தச் சிவப்பு போகாது."

"அந்த மாவும் மலையிலிருந்துதான் வருகிறது, சித்தப்பா."

"மலை எல்லாம் ஒரே மலைதானே? அப்புறம் ஏன் எல்லா மலையிலும் இந்த மாவு கிடைப்பதில்லை?"

புவியியல் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி. சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் மட்டும் இருக்கிறது. டோலமைட்டில் ஒரு கால்சியத்துக்கு ஒரு மக்னீசியம் என்று அடுக்கு மாறி அடுக்காக அமர்ந்திருக்கிறது. பழைய டோலமைட்டில் பெரும்பகுதி சுண்ணாம்பாகப் படிந்து, பிறகு மாறியது. வெயிலில் சுண்டிய உப்புநீர் திட்டின் அடுக்குகளுக்குள் கசிந்து இறங்கியோ, ஆழத்திலிருந்து சூடான நீர் வெடிப்புகள் வழியே மேலேறியோ மக்னீசியத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. நீர் போன வழியில்தான் கல் மாறும். போகாத இடம் சுண்ணாம்பாகவே நிற்கும். ஒரே மலையின் ஒரு பக்கம் மட்டும் டோலமைட்டாக இருப்பதற்கும், மாவு எல்லா மலையிலும் கிடைக்காததற்கும் காரணம் இதுதான். 1791இல் இந்தக் கல்லின் தனித்தன்மையை எழுதிய பிரெஞ்சுக்காரர் தியோதா த தொலோமியுவின் பெயரால் டோலமைட் என்றானது. பழைய பாறைகளில் இவ்வளவு மிகுதியாக இருக்கும் இந்தக் கனிமம் இன்றைய கடலில் மிக அரிதாகவே உண்டாகிறது. ஏன் என்பது இருநூறு ஆண்டுப் புதிர்.

வேறுபடுத்துவது எளிது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே நுரைத்துப் பொங்கும். டோலமைட் ஏறக்குறைய அசையாமல் இருக்கும். ஆணியால் சுரண்டித் தூளாக்கி, அந்தத் தூளின்மேல் விட்டால்தான் மெதுவாகக் குமிழி வரும். கூடத்தில் அலிசரின் என்ற சாயத்தை அறுத்த முகத்தில் தடவுவோம். கால்சைட் சிவக்கும், டோலமைட் நிறமேறாமல் நிற்கும். ஒரு துண்டில் இரண்டும் கலந்திருந்தால், நீர் எந்த வழியாக நுழைந்தது என்பதே வரைபடமாகத் தெரிந்துவிடும். என் வேலையில் எத்தனை முறை செய்தாலும் எனக்குச் சலிக்காதது இந்தச் சோதனை.

கடைசி மாற்றம்தான் மிகப் பெரியது. டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியில், சிபுமாசுவும் கடலுக்கு அக்கரையில் இருந்த நிலத்துண்டும் மோதிய பின், சுமார் 20 முதல் 22 கோடி ஆண்டுகளுக்கு முன், உருகிய கிரானைட் கீழிருந்து ஏறியது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் தொடர், நடுவில் கிந்தா. இரு புறமும் கிரானைட் சூழ்ந்த சுண்ணாம்புக்கல் வெந்தது. நுண்ணிய கால்சைட் துகள்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரும் படிகங்களாக வளர்ந்தன. கறுப்பு போயிற்று, பட்டைகள் மங்கின, ஓடுகளின் எல்லைகள் அழிந்தன. மணி தாங்கியதா, சேறு தாங்கியதா என்ற டன்ஹமின் கேள்விக்கே அங்கே இடமில்லை. அப்படிப் பிறந்ததுதான் வெள்ளைப் பளிங்கு. நமக்கு ஈயத்தைக் கொண்டுவந்ததும் அதே கிரானைட்தான். நம் முன்னோர்கள் பலருக்குச் சோறு போட்ட ஈயமும், கடலின் நினைவை அழித்த சூடும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை.

ஆனால் சூடு எல்லா இடத்திலும் ஒன்றாகப் படவில்லை. சில இடங்கள் தப்பின. கம்பாரின் குழிகளும் எங்கள் ஊரின் கறுப்புக் கல்லும் அப்படிப் பெருமளவு தப்பியவை. அதனால்தான் அவற்றுக்கு மலைகளைவிட அதிக மதிப்பு உண்டு என்கிறேன். மலைகள் நிமிர்ந்து நிற்பவை, சுற்றுலாப் படங்களில் வருபவை. கிந்தாப் பள்ளத்தாக்கு 2018இல் தேசிய புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டதில் எனக்கு மனநிறைவு உண்டு. மலைகளைக் காக்க வேண்டும் என்பதிலும் மாற்றுக் கருத்தில்லை. ஒவ்வொரு மலையிலும் வேறெங்கும் இல்லாத நத்தைகள் வாழ்கின்றன. செமோருக்கு அருகிலுள்ள கந்தான் மலையிலிருந்து 2014இல்கூட ஒரு புதிய நத்தை இனம் விவரிக்கப்பட்டது. பழைய கடலின் சுண்ணாம்பை எடுத்துத்தான் அவை இன்றும் ஓடு கட்டுகின்றன. மலை மழையில் கரைந்துகொண்டிருக்கும் பொருள் என்பதையும் மறக்கக்கூடாது. 1973இல் குனோங் சீரோவில் பாறை இடிந்து அடிவாரத்து வீடுகளின்மேல் விழுந்து சுமார் 40 பேர் உயிரிழந்தது எங்கள் பெற்றோர் காலத்து மாறாத துயரம்.

மலைக்குப் பேச ஆள் இருக்கிறார்கள். குழிக்கு இல்லை. 1985இல் ஈய விலை சரிந்த பிறகு லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குழிகளில் நீர் நிரம்பியது. பல குழிகள் மீன் வளர்ப்புக் குளங்களாயின, சில மேடாக்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. சுந்தரலிங்கம் அளந்த அடுக்குகளில் பலவற்றை இன்று போய்ப் பார்க்க வழியில்லை. அவர் அன்று இறங்கி அளக்காமல் விட்டிருந்தால் அந்தத் திட்டின் வரலாறு நீருக்கடியில் யாருக்கும் தெரியாமலே கிடந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் சாலை அகலமாக்கும்போதும், வீட்டு மனைக்கு நிலம் வெட்டும்போதும், கறுப்புக் கல் இன்னும் அவ்வப்போது வெளியே வருகிறது. சில வாரங்களில் கான்கிரீட் பூசி மூடிவிடுகிறார்கள். வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. மூடுவதற்குமுன் ஒரு நாள் வேண்டும். பக்கத்து இடைநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களை அழைத்துப் போய், பட்டைகளின் தடிமனை அளந்து, படமெடுத்து, அடுக்குக்கு ஒரு துண்டாக எடுத்து வைக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் இடம், தேதி, தரையிலிருந்து உயரம், எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி, இவ்வளவு எழுதினால் போதும். அம்புக்குறி மிகவும் முக்கியம், மேல்பக்கம் தெரியாத துண்டில் எது முன்பு படிந்தது, எது பின்பு என்று சொல்ல முடியாது.

அம்புக்குறி அழிந்துவிட்டாலும், துண்டில் ஓர் ஓடு முழுதாக இருந்தால் சில சமயம் பிழைத்துக்கொள்ளலாம். கடலடியில் கிடந்தபோது ஓட்டின் உட்குழிவில் சேறு பாதிவரை படிந்திருக்கும், மீதி இடத்தில் பின்னால் வெள்ளைக் கால்சைட் வளர்ந்திருக்கும். சேறு படிந்த பக்கம் கீழ், வெள்ளைப் பக்கம் மேல். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு, அந்த நாளின் கடலடிக்கு இணையாக இருந்த மட்டம். அறுத்த முகத்தில் அந்தக் கோட்டை விரலால் தொட்டுக் காட்ட முடியும். பளிங்காகிவிட்ட கல்லில் இதைத் தேடிப் பயனில்லை.